பொதுச்சுவர்: பந்து அடிக்காத நேரத்துத் தட்டு

மாலினி நாலாவது இலையையும் கழுவி, துணியால் ஒற்றி, மற்ற மூன்றுக்கும் அடியில் வைத்தாள்.

அடியில் இருந்தால் கண்ணில் படாது என்று ஒரு நினைப்பு. ஆனால் அவள் கணவன் திருமாறனுக்குத் தொழிலே கண் பரிசோதிப்பது. வேட்டியை இறுக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தவன் நேரே இலைகளைத்தான் பார்த்தான்.

"படையலுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு, உமக்கு ஒண்டு. உது ஆருக்கு?"

"ஒண்டு கிழிஞ்சா எண்டு எடுத்து வைச்சனான்."

"கிழியேல்லையே."

"கிழிஞ்சா எண்டுதானே சொன்னனான்."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முன்னறைக்குப் போய், அம்மாவின் படத்துக்குப் போட்டிருந்த மாலையைச் சரிசெய்தான். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

வெளியே லண்டனின் ஹரோ முழுக்க வெண்பனி உறைந்து கிடந்தது. கார்க் கண்ணாடிகள் குருடாகி நின்றன. ஜனவரி ஞாயிறு. மாமி இறந்த பிறகு வருகிற மூன்றாவது திவசம்.

அந்த மூன்று வருஷமாக ஒட்டிப் பிறந்த இரண்டு வீடுகளுக்கு நடுவில் பேச்சில்லை. இந்தப் பாதியில் திருமாறன். அந்தப் பாதியில் அவனுடைய அண்ணன் தியாகராஜா. ஒரே நாளில் கதவுப் பூட்டின் திறப்பு வாங்கி, ஒரே நாளில் பால் காய்ச்சி, இரண்டு கதவுக்கும் ஒரே பச்சை நிறம் அடித்தவர்கள். நடுவில் ஒரு செங்கல் சுவர்.

ஊரில் மாமி கண்ணை மூடியபோது தியாகராஜா பக்கத்தில் இருந்தார். திருமாறன் சிநேகிதர்களோடு போர்த்துக்கலில் கோல்ஃப் விளையாடிக்கொண்டிருந்தான். இங்கே குளிர் என்றால் அங்கே வெயிலாம். செய்தி கேட்டு, விமானம் மாறி மாறி அவன் வீட்டு வாசலில் போய் இறங்கியபோது முதல் நாளே எல்லாம் முடிந்திருந்தது. தாய்க்குக் கொள்ளி வைப்பது கடைசி மகன். அதை மூத்தவர் வைத்துவிட்டார். அதற்கும் மேலாக, முற்றம் நிறைந்த சனத்துக்கு முன்னால் ஒரு சொல் சொன்னார்.

"கோல்ஃப் விளையாடப் போனவனுக்காக அம்மாவை ஐசில கிடத்த ஏலாது."

திருமாறன் அதற்கு அங்கே பதில் சொல்லவில்லை. லண்டனுக்குத் திரும்பி வந்து, முன்னறைச் சோபாவை நகர்த்தி, பச்சைப் பாய் விரித்து, அந்த நடுச்சுவரில் பழைய மெத்தை ஒன்றைச் சாய்த்து, அதற்கு முன்னால் வலை கட்டினான். மைதானம் சேறாகக் கிடக்கிற மாதங்களில் வீட்டுக்குள் பழக வேண்டுமாம். கூரை தாழ்வு. முதல் வாரமே நீள மட்டையை ஓங்கி விளக்கின் கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்தான். பிறகு கட்டை மட்டையோடு, அரை வீச்சோடு நிறுத்திக்கொண்டான்.

"வெளிச்சுவர் கிடக்குத்தானே, அதில கட்டுங்கோவன்" என்று மாலினி அப்போது கேட்டாள்.

"அதில ஹீட்டர் கிடக்கு."

ஹீட்டர் கிடந்தது உண்மைதான். பின்னறையிலும் ஒரு வெளிச்சுவர் இருந்தது, அதில் ஹீட்டர் இல்லை. அதை அவள் சொல்லவில்லை.

அன்று தொடங்கியது. இவன் அடிப்பான். தொம். அந்தப் பக்கத்தில் இருந்து ஊன்றுதடியால் ஒரு தட்டு வரும். தொக். மாமியின் படம் அதே சுவரில், புகைபோக்கிக்கு மற்றப் பக்கம் தொங்கியது. ஒவ்வொரு தட்டுக்கும் அதன் கண்ணாடி சின்னதாக அதிரும். அதைவிட வேறு ஒரு சொல்லும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இல்லை.

அப்படித்தான் திருமாறன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குத் தெரியாத மூன்று விஷயங்கள் இருந்தன. அவன் வேலைக்குப் போன பிறகு, பின்வளவு வேலியில் கழன்ற பலகைக்கு ஊடாகச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று போய்வந்தது. மாலினியின் போனில் 'மீன்கடை' என்ற பெயரில் ஒரு நம்பர் இருந்தது. பட்டை போட்டு வைக்கும் கறுவாப் பேணிக்குள் பக்கத்து வீட்டுத் திறப்பு கிடந்தது.

மனைவி சுலோச்சனா அக்கா காலமாகி, தியாகராஜா தனித்த பிறகு அவராகவே கொடுத்தது அது. "நான் உள்ளுக்கை விழுந்து கிடந்தால் ஆருக்குப் பிள்ளை தெரியப்போகுது? இதை நீ வைச்சிரு."

போன வாரம் அதே பலகைக்கு அருகில் நின்றுதான் மாலினி அந்தக் காரியத்தையும் செய்தாள். "பெரியத்தான், ஞாயிற்றுக்கிழமை மாமியின்ரை திவசம். ரெண்டு வீட்டில ரெண்டு படையல் என்னத்துக்கு? நீங்கள் இஞ்ச வாங்கோ."

அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு பேசாமல் உள்ளே போய்விட்டார். வருவேன் என்றும் இல்லை. மாட்டேன் என்றும் இல்லை.

வந்தால் திருமாறன் என்ன செய்வான்? வாசலிலேயே கதவைச் சாத்துவானா? வராவிட்டால், இனி எந்த வருஷம் அவரைக் கூப்பிட அவளுக்கு வாய் வரும்? காலையில் இருந்து வாசல் மணிக்குக் காது கொடுத்தபடியே சமைத்தாள். சொதிக்கு உப்புப் போட்டாளா இல்லையா என்று இரண்டு முறை மறந்தாள்.

வடைக்கு மா தட்டிக்கொண்டிருந்தபோது மேசையில் போன் அதிர்ந்தது.

மீன்கடை.

திருமாறன் பக்கத்தில் நின்று தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான். அவன் கண் அவளுடைய கண்ணுக்கு முதலே போய்விட்டது.

"திவசத்தண்டு மீன்கடைக்காரன் ஏன் எடுக்கிறான்?"

"விளைமீன் வந்திருக்கெண்டு சொல்லத்தான் இருக்கும்."

"எடுத்துச் சொல்லும், இண்டைக்கு மரக்கறி எண்டு."

"கை முழுக்க மா."

"நான் எடுத்துச் சொல்லட்டே?"

மாலினி சின்ன விரலால் சிவப்புப் பொத்தானை அமத்தினாள். திரையில் மா ஒட்டியது.

"பேந்து எடுப்பான்" என்றாள்.

வரமாட்டேன் என்று சொல்லத்தான் பெரியத்தான் எடுத்திருப்பார். அவள் அப்படியே முடிவு செய்தாள். நாலாவது இலை வீணாகப் போகப்போகிறது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

போன் மறுபடி அடிக்கவில்லை.

சமையல் முடிந்தது. படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, இலை போட்டு, சோறும் கறிகளும் வடையும் பாயசமும் படைத்தார்கள். காகத்துக்கு வைத்த சோற்றையும் வடையையும் திருமாறன் வேலியில் கொண்டுபோய் வைத்தான். வழக்கம்போல ஒரு சாம்பல் அணில்தான் முதலில் வந்தது.

"போ! உனக்கில்லை!" என்று கண்ணாடிக் கதவில் தட்டினான். அணில் அவனை நின்று பார்த்துவிட்டு வடையோடு போனது.

"அம்மாவுக்கு அணிலெண்டால் விருப்பம்தான்" என்றான். காலையில் இருந்து அவன் சொன்ன ஒரே இளக்கமான பேச்சு அதுதான். இந்த நேரத்தில் சொல்லிவிடலாமா என்று மாலினி நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

தொக்.

இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

"கேட்டனீரோ?" என்றான் திருமாறன்.

அவள் விளக்குத் திரியைத் தூண்டினாள்.

தொக்.

"நான் இண்டைக்கு மட்டையைத் தொடவே இல்லை. பாயைச் சுருட்டி வைச்சிருக்கிறன். பந்து அடிக்காத நேரத்திலயும் தட்டுறார்."

"வேற ஏதும் வேலை செய்யிறாரோ தெரியாது. ஆணி கீணி…"

"ஞாயிற்றுக்கிழமை, அம்மான்ரை திவசத்தில, ஆணி அடிக்கிறாரோ? உமக்கு விளங்கேல்லையே? கோல்ஃப் விளையாடப் போனவன் எண்டு எனக்கு ஞாபகப்படுத்துறார். இந்த நாளில கூட விடேல்லை."

தொக்.

"சரி" என்றான்.

அந்த ஒரு சொல்லை அவன் மெதுவாகச் சொன்னதுதான் அவளைப் பயப்படுத்தியது. வேட்டியை மடித்துக் கட்டினான். பாயை உதறி விரித்தான். வாளி நிறைய இருந்த பந்துகளைக் கவிழ்த்தான். அவை விளக்கின் வெளிச்சத்தில் உருண்டன.

"இஞ்சேருங்கோ, வேண்டாம். விளக்கு எரியுது."

"எரியட்டும். அம்மாவும் கேக்கட்டும்."

மற்ற நாட்களில் அவன் அடிக்கிற விதமே வேறு. பந்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நிற்பான். மட்டையை மூச்சோடு தூக்கி மூச்சோடு இறக்குவான். கண்ணாடிக் கதவில் தன் நிழலைப் பார்த்து முழங்கையைத் திருத்துவான். இன்றைக்குத் தோள் மட்டும்தான் அடித்தது.

தொம்.

தொக், என்றது சுவர்.

தொம்.

தொக்.

"பார்த்தீரே? பதிலுக்குப் பதில்!"

தொம். பந்து வலையின் ஓரத்தில் பட்டு, மெத்தையைத் தவறவிட்டு, சுவரில் நேரே மோதியது. காரை உதிர்ந்தது. படத்தின் கண்ணாடி நடுங்கியது.

அதற்குப் பதிலாக வந்த தட்டில் படத்தின் கண்ணாடி அசையவில்லை.

மாலினி அதைக் கவனித்தாள். ஏன் கவனித்தாள் என்று அவளுக்கே தெரியாது. மூன்று வருஷமாக ஒவ்வொரு தட்டுக்கும் அந்தப் படத்தையே பார்த்துப் பழகியிருந்தாள். அடுத்த தட்டுக்கும் பார்த்தாள். மாலையில் ஒரு பூக்கூட ஆடவில்லை.

சுவரோரம் உருண்டு போயிருந்த பந்தை எடுக்கிற சாட்டில் அவள் குனிந்து முழந்தாளில் இருந்தாள்.

தொக்.

அவளுடைய முழங்காலுக்குப் பக்கத்தில் கேட்டது. தரையோடு ஒட்டி, அடிப்பலகைக்குப் பின்னால்.

"நிப்பாட்டுங்கோ."

தொம்.

"நிப்பாட்டுங்கோ எண்டுறன்! தட்டு கீழ இருந்து வருது!"

திருமாறன் தூக்கிய மட்டையோடு நின்றான். "என்ன?"

"நிண்டுகொண்டு தட்டுற ஆள் இஞ்ச ஏன் தட்டுறார்? கையை வையும். இதில, கீழ வைச்சுப் பாரும்." தான் அவனை 'நீர்' என்று கூப்பிட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவன்தான் அவளை 'நீர்' என்பான். கோபம் எல்லை தாண்டினால் மட்டும் அது 'நீ' ஆகும். அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அவன் குனிந்து உள்ளங்கையைச் சுவரின் அடியில் வைத்தான்.

நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. அணில் வேலியில் ஓடியது. விளக்கின் திரி பொரிந்தது.

பிறகு வந்தது. தட்டு என்று சொல்ல முடியாது. ஒரு உரசல்.

திருமாறன் மற்றக் கையில் இருந்த மட்டையைக் கீழே போட்டான்.

"அண்ணை?" என்று சுவரிடம் கேட்டான். பிறகு எழுந்து, செருப்பும் இல்லாமல், வேட்டியோடு உறைபனிக்குள் ஓடினான்.

அவன் பக்கத்து வீட்டு மணியை அமத்துவதும், கதவைக் கையால் அடிப்பதும், பிறகு தோளால் இடிப்பதும் அவளுக்குக் கேட்டது. மூன்று இடத்தில் பூட்டு விழுகிற கதவு. இடித்துத் திறக்க ஏலாது.

மாலினி குசினியில் நின்றாள். கையில் கறுவாப் பேணி.

அம்புலன்சுக்கு அடித்தால் அவர்கள் வந்து கதவை உடைப்பார்கள். யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. திறப்பு கறுவாவுக்கு அடியிலேயே கிடக்கும். பலகை, பெட்டி, மீன்கடை எல்லாம் இருந்தபடியே இருக்கும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அவள் அப்படி நினைத்தாள். அந்த ஒரு மூச்சைத்தான் பிறகு அவளால் மறக்க முடியாமல் போகும்.

பேணியை மேசையில் கவிழ்த்தாள்.

வெளியே ஓடி, அவன் கண்ணுக்கு முன்னாலேயே திறப்பைப் பூட்டில் போட்டுத் திருப்பினாள். அவன் திறப்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். எதுவும் கேட்காமல் உள்ளே போனான்.

வீட்டுக்குள் வெளியைவிடக் குளிர். தியாகராஜா முன்னறைத் தரையில் சுவரோடு கிடந்தார். வலது கால் பார்க்கக்கூடாத விதத்தில் திரும்பியிருந்தது. ஊன்றுதடி கையில் இருந்தது.

பட்டு வேட்டி கட்டியிருந்தார். தோளில் சால்வை. நெற்றியில் திருநீறு அழியாமல் இருந்தது. பக்கத்தில் ஒரு பையில் இருந்து வாழைப்பழமும் தோடம்பழமும் வெற்றிலையும் சிதறிக் கிடந்தன.

"அசையாதேங்கோ அண்ணை. அசையாதேங்கோ." திருமாறனின் குரல் பதின்மூன்று வயதுப் பெடியனின் குரல்போல உடைந்தது. "எப்ப விழுந்தனீங்கள்?"

"காலமை. வெளிக்கிட்டு… பையை எடுக்கக் குனிஞ்சனான்." அவருடைய பற்கள் அடித்துக்கொண்டன. "நீ அடிக்கத் துவங்கின பிறகுதான் ஆறுதல். அடிக்கிறான், வீட்டில நிக்கிறான் எண்டு. அதுதான் விடாமல் தட்டினனான்."

திருமாறன் தலை குனிந்துகொண்டான்.

மாலினி மாடிக்கு ஓடிப் போர்வைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அவரைப் போர்த்தியபோதுதான் கதிரையைக் கண்டாள். கைவைத்த பெரிய கதிரை. தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தங்கள் வலை தொங்குகிற அதே இடம். கைப்பிடித் துணி தேய்ந்து நூல் தெரிந்தது. சத்தம் பிடிக்காத மனிதன் அந்த இடத்திலா கதிரை போடுவான்?

"மாறன்" என்றார் தியாகராஜா, கண்ணை மூடியபடி.

"ஓம் அண்ணை."

"இண்டைக்கு அடி சரியில்லை. சத்தம் பிசகு. நேற்று அடிச்சது திறம்."

திருமாறன் கதிரையைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. குளிர்ந்துபோன அந்தக் கையை ஊன்றுதடியில் இருந்து விடுவித்து, தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான்.

மாலினிக்கு அந்த நேரம் அப்படியே நின்றுவிட்டால் போதும் என்று இருந்தது.

நிற்கவில்லை. அம்புலன்ஸ் வந்தது. பச்சைச் சட்டைக்காரி ஒருத்தி, இவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டாள். "பிரதர்" என்றான் திருமாறன். மற்றவள் சோபாவுக்கு அடியில் கைவிட்டு, எட்டாத தூரத்தில் வழுக்கிப் போயிருந்த போனை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

கட்டிலில் ஏற்றி வாசலுக்குக் கொண்டுபோனபோது தியாகராஜா மாலினியைத் தேடினார். வலிக்குக் கொடுத்த மருந்தில் கண் சொருகியிருந்தது.

"பிள்ளை… உனக்கு எடுத்தனான். நீ வைச்சிட்டாய்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. பெட்டியில் உறைப்புக் கூடிப்போனால் சொல்வாரே, அதே குரல்.

"கூப்பிட்டனிதானே எண்டு வந்துகொண்டிருந்தனான்" என்றார்.

திருமாறன் திரும்பினான். காலில் அவளுடைய பூப்போட்ட செருப்பு. யார் கொடுத்தது, எப்போது போட்டான் என்று இருவருக்குமே தெரியாது.

"இந்தத் திறப்பு எப்ப துவக்கம் உன்னட்டை இருக்கு?"

'உம்மட்டை' இல்லை. 'உன்னட்டை'.

பதில் சொல்ல அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒருவர்தான் கூட வரலாம் என்று பச்சைச் சட்டைக்காரி சொன்னாள். அவன் ஏறினான். கதவு சாத்தியது. உறைபனி நொறுங்குகிற சத்தத்தோடு வண்டி வளைவில் திரும்பியது.

மாலினி வீட்டுக்கு வந்தாள். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டாள். மட்டையைத் துடைத்து மூலையில் வைத்தாள். மேசையில் கறுவாப் பட்டைகள் சிந்திய இடத்திலேயே கிடந்தன. அவற்றை அவள் தொடவில்லை.

நாலாவது இலையை எடுத்தாள். வைத்தாள். சுருட்டிப் போட்டுவிடுவோமா என்று நினைத்தாள்.

சுவர் பேசாமல் இருந்தது. இத்தனை வருஷத்தில் அது அப்படிப் பேசாமல் இருந்ததே இல்லை என்று தோன்றியது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தபோது போன் அதிர்ந்தது. திருமாறனாகத்தான் இருக்கும் என்று பாய்ந்து எடுத்தாள். அவனுடைய போன் சோபாவின் கையில் அவன் விட்டுப்போன இடத்திலேயே கிடந்தது. அவளுடைய திரையில், மாப்படிந்த கண்ணாடிக்குக் கீழே, ஒரு பெயர்.

மீன்கடை.

காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியின் இரைச்சல். யாரோ நடந்து போனார்கள். மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சை அவளுக்குத் தெரியும்.

"மீன்கடைக்காரரை எக்ஸ்ரேக்குக் கொண்டு போயிட்டினம்" என்றான் திருமாறன்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவன் தொடர்ந்தான்.

"இடுப்பெலும்பு. இண்டைக்கே வெட்டித் திருத்த வேணுமாம். வயசு, இதயம் எண்டு என்னவோ சொல்லுகினம். கையெழுத்து நான்தான் போட்டனான்." பின்னால் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "அந்த இலை…"

"ஓம்?"

"எறிஞ்சு போடாதையும்."

"இல்லை. எறியேல்லை."

"நான் வந்து கதைக்கக் கிடக்கு. எல்லாம் கதைக்கக் கிடக்கு, மாலினி."

போன் வைக்கப்பட்டது. 'நீர்' திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தைகளை அவன் எந்த முகத்தோடு சொன்னான் என்று அவளால் காண முடியவில்லை.

அவள் உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து, வாடத் தொடங்கியிருந்த இலைமேல் தெளித்தாள்.